கறுப்பு வெள்ளைப் படம் பச்சையடிக்காமல் பிரிண்ட் போட

கறுப்பு வெள்ளைப் படத்தை இங்க்ஜெட்டில் போட்டால் பச்சையடிக்கிறது, இல்லாவிட்டால் ரோஸ் அடிக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் முதலில் சொல்லும் புகார் இதுதான். கலர் படத்தில் முகம் கொஞ்சம் சிவந்திருந்தால் "நல்ல கலரா இருக்கே" என்று விட்டுவிடுகிற அதே கண், சாம்பலில் துளி பச்சை கலந்திருந்தாலும் பிடித்துவிடும்.

மும்பை செம்பூரில் வீட்டிலேயே ஒரு அறையை ஒதுக்கி பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறேன். தாராவி, ஆன்டாப் ஹில், மாட்டுங்கா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவருவது பெரும்பாலும் தாத்தா பாட்டி படங்கள். ஊரில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது, ஓரம் செல்லரித்தது, நடுவில் மடிப்பு விழுந்தது. அதைப் பெரிதாக்கி, ஹாலில் மாலை போட்டு மாட்டவேண்டும். அந்தமாதிரிப் படங்களை வைத்தே இங்கே சொல்கிறேன். கண்காட்சிக்குப் போடுகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

சாம்பல் எங்கிருந்து வருகிறது

நாலு கலர் பிரிண்டரில் சாம்பல் இங்க் என்று ஒன்று கிடையாது. சியான், மஜந்தா, மஞ்சள் மூன்றையும் புள்ளி புள்ளியாகக் கலந்துதான் சாம்பலைக் காட்டுகிறது. கலவை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தாலே படம் முழுக்க அந்தச் சாயல் ஏறிவிடும். சில ஆபீஸ் வகை பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் (நுண்துகள் மிதக்கும் இங்க்), மற்ற மூன்றும் டை (கரைந்த சாயம்) இங்க். அவற்றில் போட்டோ பேப்பர் என்று தேர்ந்தெடுத்தால், அந்தக் கறுப்பைத் தொடவே தொடாது. கறுப்பையும் மூன்று கலரில்தான் செய்யும். "கறுப்பு டேங்க் நிறைய இருக்கே, படம் மட்டும் ஏன் பழுப்பா வருது" என்பதற்குப் பதில் அங்கே இருக்கிறது.

ஆறு கலர் என்றால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். எப்சன் எல்805, எல்1800 இரண்டும் நம்மூர் ஸ்டுடியோக்களில் ஓடித் தேய்ந்த மெஷின்கள். அவற்றில் கூடுதலாக இருப்பது லைட் சியானும் லைட் மஜந்தாவும். தோல் நிறத்துக்கு அருமை, சாம்பலுக்குப் பெரிய உதவி இல்லை. எல்8160, எல்8180 மாடல்களில் கிரே இங்க் ஒன்று உண்டு. அதிலேயே நிலைமை நன்றாக மாறும். அதற்கு மேலே போனால் எப்சன் ஷூர்கலர் பி700, பி900: கறுப்பு, கிரே, லைட் கிரே என்று மூன்று அடுக்கு. கேனான் ப்ரோ-1000, ப்ரோ-200 இரண்டிலும் கறுப்போடு இரண்டு கிரே, ப்ரோ-300ல் ஒரு கிரே. ப்ரோ-200 மட்டும் டை இங்க், நீண்டநாள் தொங்கப்போகிற படத்துக்கு நான் பிக்மென்டைத்தான் எடுப்பேன்.

மூன்று அடுக்குக் கறுப்பை எப்சன் கே3 என்ற பெயரில் 2005ல் கொண்டுவந்தது. ஆர்2400 மாதிரி மேஜைமேல் வைக்கிற பிரிண்டருக்கும் அது வந்தபிறகுதான் டார்க்ரூம் ஆட்கள் இங்க்ஜெட்டை மதிக்கவே ஆரம்பித்தார்கள். பிரிண்டர் வாங்கும்போது மொத்தம் எத்தனை கலர் என்று கேட்காதீர்கள். கறுப்பு ஜாதியில் எத்தனை என்று கேளுங்கள்.

டிரைவரில் என்ன தட்டுவது

ஷூர்கலர் பி700, பி900 மாதிரி எப்சனின் டிரைவரில், அதாவது பிரிண்ட் கொடுக்கும்போது கம்ப்யூட்டரில் திறக்கும் பிரிண்டர் செட்டிங்கில், "அட்வான்ஸ்டு பிளாக் அண்டு ஒயிட்" என்ற மோடு இருக்கும். கேனானில் "பிளாக் அண்டு ஒயிட் போட்டோ" என்று ஒரு டிக். இவற்றில் போட்டால் பெரும்பகுதி சாம்பலைக் கறுப்பு இங்க்குகளே சுமக்கும்; கலர் இங்க் சாயலைச் சரிக்கட்டத் துளித்துளியாக மட்டும் விழும். ஃபோட்டோஷாப்பில் இந்த மோடுக்கு "பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்" என்றுதான் வைக்கவேண்டும். அங்கேயும் ஒரு ப்ரொஃபைல் (பேப்பருக்கான கலர்க் கணக்கு), டிரைவரிலும் ஒரு திருத்தம் என்று இரண்டு இடத்தில் கலரை நிர்வாகம் செய்தால் படம் மஜந்தாவில் குளித்துக்கொண்டு வரும்.

எப்சனின் இந்த மோடில் டோன் என்று ஒரு பட்டியல் உண்டு. என் பிரிண்டரில் அது தானாகவே "டார்க்கர்" என்றுதான் நின்றது. நம் ஆட்களின் தோல் நிறத்துக்கு அது அதிகம். கன்னத்தின் நிழலும் தலைமுடியும் ஒன்றாகிவிடுகின்றன. "டார்க்" அல்லது "நார்மல்" வைத்து ஆரம்பியுங்கள். கலர் டோனிங்கில் நியூட்ரல், கூல், வார்ம், செபியா என்று வரும். செபியாவைத் தொடவேண்டாம், அது மொபைல் ஃபில்டர் வேலை. பழைய படத்துக்கு வார்ம் பக்கம் கொஞ்சம் தள்ளினால் பழைய சில்வர் பிரிண்டின் சூடு தானாக வரும்.

கிரே இங்க் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது, இரண்டு. ஒன்று, சுத்தமான சாம்பலுக்கு ஆசைப்படாமல் நீங்களே படத்துக்குத் துளி பழுப்பு ஏற்றிவிடுவது. நடுநிலைச் சாம்பலில் பச்சை உடனே தெரியும், லேசான பழுப்புக்குள் அது ஒளிந்துகொள்ளும். இரண்டாவது, மேட் (பளபளப்பில்லாத) பேப்பரில் கறுப்பு இங்க்கை மட்டும் வைத்துப் போடுவது: டிரைவரில் கிரேஸ்கேல், பேப்பர் வகை மேட் அல்லது பிளெய்ன். கலர் இங்க் கலக்காமல் வந்தால் எந்த விளக்கிலும் சாயல் மாறாது. வெளிறிய இடங்களில் புள்ளி தெரியும், கை தூரத்தில் மட்டும். சுவரில் ஏறிவிட்டால் தெரியாது. எல்லா மாடலும் இதற்கு ஒத்துழைக்காது. போட்டு ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், கலர்ப் புள்ளி தெரிந்தால் உங்கள் மெஷின் கேட்கவில்லை.

ஒவ்வொரு இங்க்கையும் தனித்தனியாக ஆள நினைப்பவர்களுக்கு ராய் ஹாரிங்டனின் குவாட் டோன் ரிப் என்ற மென்பொருள் இருக்கிறது. கறுப்பு வெள்ளைக்கென்றே எழுதியது. பொறுமை வேண்டும். மாதம் நாலு படம் போடுகிறவருக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

இருபத்தோரு கட்டம்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். பிரிண்டர் விலையைவிட இது அதிகம் உதவும்.

ஃபோட்டோஷாப்பில் கிரேஸ்கேலில் ஒரு நீளமான ஃபைல் திறந்து, கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு கிரேடியன்ட் இழுங்கள். பிறகு போஸ்டரைஸ் போய் 21 என்று கொடுங்கள். கறுப்பிலிருந்து வெள்ளை வரை 5 சதவீத இடைவெளியில் 21 கட்டம் வந்துவிடும். அதைப் படம் போடப்போகிற அதே பேப்பரில், அதே செட்டிங்கில் பிரிண்ட் போடுங்கள். ஒரு நாள் காயவிடுங்கள். முக்கியமாக மேட் பேப்பர் காயும்போது நிழல் பகுதி இன்னும் கொஞ்சம் இறங்கும்; மெஷினிலிருந்து சூடாக எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இப்போது ஜன்னல் ஓரம் வைத்துக் கறுப்பு முனையிலிருந்து எண்ணுங்கள். முழுக் கறுப்புக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே கோடு தெரிகிறதா? மேட்டில் பெரும்பாலும் தெரியாது. 100, 95 இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், சில பேப்பரில் 90ம் சேர்ந்துகொள்ளும். அப்படியென்றால் உங்கள் படத்தில் 90க்கு மேலே இருக்கிற எதுவும் பேப்பரில் இல்லை என்று அர்த்தம். பாட்டியின் பட்டுப்புடவை மடிப்பு, தாத்தாவின் கோட்டுக் காலர், கொண்டைக்கும் பின்திரைக்கும் நடுவிலிருக்கும் எல்லை எல்லாம் அந்த இடத்தில்தான் குடியிருக்கின்றன. திரையில் தெரிந்தது பேப்பரில் காணாமல் போவது இதனால்தான்.

சரிசெய்ய படம் மொத்தத்தையும் வெளுக்கவேண்டாம். ஃபோட்டோஷாப்பின் கர்வ்ஸில் (வெளிச்சத்தை வளைகோட்டால் திருத்தும் கருவி) கறுப்பு முனையைக் கொஞ்சம் தூக்குங்கள், நடுப்பகுதியில் ஒரு புள்ளி போட்டு அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மறுபடி 21 கட்டம். இரண்டாவது மூன்றாவது சுற்றில் கட்டங்கள் பிரிந்துவிடும். அந்தக் கர்வை அந்தப் பேப்பரின் பெயரிலேயே சேமித்துவையுங்கள். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க, 0, 4, 8, 12, 16, 20 என்று 255க்குள் உள்ள எண்களில் சின்னச் சின்னச் சதுரங்களை முழுக்கறுப்பின்மேல் வரைந்து போடுங்கள். எந்த எண்ணிலிருந்து சதுரம் கண்ணுக்குத் தெரிகிறதோ, அதுதான் உங்கள் பேப்பரின் உண்மையான அடிமட்டம்.

வெள்ளை முனையில் எதிர்ப்பிரச்சினை: 5 சதவீதம் தெரியாமல் பேப்பர் வெள்ளையிலேயே கரைந்துபோகும். வெள்ளை வேட்டி, விபூதிப் பட்டை இருக்கும் படங்களில் இதைக் கவனியுங்கள். விபூதி பேப்பரின் வெள்ளையாகவே நின்றுவிட்டால் நெற்றியில் ஓட்டை விழுந்தமாதிரி இருக்கும்.

மானிட்டரையும் குறைக்கவேண்டும். கடையில் வைத்தபடி முழு வெளிச்சத்தில் இருக்கிற திரையைப் பார்த்துத் திருத்தினால் பிரிண்ட் எப்போதும் இருட்டாகத்தான் வரும். அளக்கும் கருவி இருந்தால் திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலாவுக்குள் வையுங்கள். கருவி இல்லாவிட்டால், திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

"கொஞ்சம் வெளுப்பாக்குங்க"

இதை எழுதாமல் விடமுடியவில்லை. படம் வாங்க வரும்போது பேரன் சொல்வார்: "அக்கா, எங்க தாத்தா இவ்வளவு கருப்பு கெடையாது, கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்க." நான் 21 கட்டத் தாளை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்காட்டுவேன். முகம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, கழுத்துநிழல் எந்தக் கட்டத்தில், நடுவில் எத்தனை கட்டம் வித்தியாசம். முகத்தை மூன்று கட்டம் மேலே தள்ளினால் கன்னத்து எலும்பு போய்விடும், மூக்கின் பக்கச்சரிவு போய்விடும், மாவு பூசினமாதிரி ஒரு வட்டம் மிஞ்சும். அதற்குப் பதில் பின்திரையைக் கொஞ்சம் இருட்டாக்கினால் முகம் தானாகவே வெளிச்சமாகும். இரண்டையும் சின்னதாகப் போட்டுக்காட்டினால் வீட்டுப் பெரியவர்கள் எப்போதும் இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள். அவரைப் பார்த்தவர்கள் அவர்கள்தானே.

ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யாதீர்கள். கலரில், 16 பிட்டில் எடுங்கள். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களையும் தனித்தனியாகப் பாருங்கள். காப்பிக் கறை, மஞ்சள் படிந்த ஈரக்கறை எல்லாம் நீல சேனலில் கரிய திட்டாக இருக்கும், சிவப்பு சேனலில் ஏறக்குறைய மறைந்திருக்கும். படமே வெளிறிப் பழுப்பாகிப் போயிருந்தால் நிலைமை தலைகீழ்: மிச்சமிருக்கிற முகம் நீல சேனலில்தான் அழுத்தமாக நிற்கும். எது கறை, எது படம் என்று பார்த்துச் சேனலைத் தேர்ந்தெடுத்தால் ரீடச் வேலை பாதியாகக் குறையும். 8 பிட்டில் எடுத்துவிட்டுக் கர்வ்ஸை இழுத்தால் பின்திரையில் படிக்கட்டு மாதிரி வளையங்கள் தெரியும்.

பேப்பர்

கறுப்பு இங்க்கில் இரண்டு வகை: மேட்டுக்கு மேட் பிளாக், பளபளப்பு வகைகளுக்கு போட்டோ பிளாக். பிரிண்டர் இதை நீங்கள் சொல்லும் பேப்பர் வகையை வைத்தே முடிவுசெய்யும், எவ்வளவு இங்க் கொட்டுவது என்பதையும். கையில் இருக்கும் பேப்பரின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால், அதன் கம்பெனி எந்த வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது என்று பாருங்கள். குருட்டாம்போக்கில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுக் கறுப்பு சரியில்லை என்று மெஷினைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை.

ஹானமூலே போட்டோ ராக் 308 மாதிரிப் பருத்தி மேட் பேப்பரில் அழுத்தமான கறுப்புகூட அடர்த்தி 1.6, 1.7 பக்கம்தான் நிற்கும். விழும் வெளிச்சத்தில் 2 சதவீதத்துக்கு மேல் திரும்பி வருகிறது. பரைட்டா (பழைய டார்க்ரூம் தாள் மாதிரி லேசாகப் பளபளக்கும் பேப்பர்) வகையில் அடர்த்தி 2.3ஐ எட்டும், திரும்புவது அரை சதவீதம். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஆனால் சாதாரணக் கண்ணாடி தன் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். கண்ணாடிக்குள் போனபிறகு அந்த ஆழக் கறுப்பில் பெரும்பகுதியைக் கண்ணாடியே தின்றுவிடும். அதனால் ஃப்ரேமுக்குப் போகிற படத்துக்கு நான் மேட்டைத்தான் சொல்வேன். ஆல்பத்துக்கும், கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கும் பரைட்டா.

க்ளாஸியில் பிக்மென்ட் இங்க் போட்டால் சாய்த்துப் பார்க்கும்போது கறுப்பில் செம்பு மாதிரி ஒரு மினுக்கம் வரும். கேனான் ப்ரோ-1000, ப்ரோ-300ல் க்ரோமா ஆப்டிமைசர் என்ற நிறமில்லாத பூச்சு இதைக் குறைக்கும். பி700, பி900ல் கார்பன் பிளாக் மோடு. இரண்டும் இல்லாதவர்கள் பளபளப்பு குறைந்த லஸ்டர் அல்லது சாட்டின் பேப்பருக்கு மாறிவிடலாம்.

எது பிரிண்ட் பக்கம் என்று தெரியாவிட்டால் மூலையில் ஈர விரலை வைத்துப் பாருங்கள். ஒட்டுகிற பக்கம்தான் பூச்சுள்ள பக்கம்.

மும்பை மழை

ஜூன் பிறந்தால் இங்கே பேப்பர்தான் முதல் எதிரி. ஈரப்பதம் 80ஐத் தாண்டும், பேப்பருக்குப் பிடித்தது 40 முதல் 60. ஈரம் குடித்த பருத்திப் பேப்பர் மூலையில் வளைந்து, இங்க் துப்பும் ஹெட் போகும்போது உரசி, வெள்ளை ஓரத்தில் கரிக்கோடு இழுத்துவிடும். பாக்கெட்டைத் திறந்தால் ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். பிரிண்ட் போடும் நேரத்துக்கு முன்பே ஏசியை டிரை மோடில் ஓடவிடுங்கள். டிரைவரில் பிளேட்டன் கேப் (ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளி) என்ற இடத்தில் ஒரு படி அகலமாக வையுங்கள். வளைந்த தாளை எதிர்ப்பக்கம் மெதுவாக உருட்டி நிமிர்த்தியபிறகே உள்ளே விடுங்கள்.

இங்க் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக்கைக் கலர் படத்துக்குப் பார்ப்பதுபோல மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. லைட் கிரேயில் நாலு கோடு விடுபட்டிருந்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஆனால் படத்தில் வானமும் வெள்ளைச் சுவரும் மெல்லிய கோடுகோடாக வரும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். க்ளீனிங் இரண்டு தடவைக்கு மேல் திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டாம், ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள், பாதிநேரம் தானாகவே திறந்திருக்கும். கோடுகள் ஹெட் ஓடும் திசையிலேயே நேராகப் போனால் நாசில் அல்லது அலைன்மென்ட். ஹை ஸ்பீடையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். முகத்தின் வளைவைப் பின்தொடர்ந்து வளையங்களாக வந்தால் தவறு ஃபைலில்.

லோக்கல் இங்க் ஊற்றலாமா என்று கேட்பார்கள். கலருக்கு உங்கள் இஷ்டம். கறுப்பு வெள்ளைக்கு வேண்டாம். பாட்டிலுக்குப் பாட்டில் நிறம் மாறினால் நீங்கள் உட்கார்ந்து செய்த 21 கட்டமும் கர்வும் வீண்.

எந்த விளக்கின் கீழே

காய்ந்த பிரிண்டை மூன்று இடத்தில் பாருங்கள்: பகல் ஜன்னல், ஹால் டியூப்லைட் அல்லது வெள்ளை எல்இடி, மஞ்சள் பல்பு. கலர் இங்க்கில் செய்த சாம்பல் ஜன்னலில் சுத்தமாகவும் எல்இடியில் பச்சையாகவும் காட்டும். பேப்பரைக் குறைசொல்ல வேண்டாம். இங்க்கும் விளக்கும் சேர்ந்து செய்யும் வேலை. வாடிக்கையாளரிடம் எங்கே மாட்டப்போகிறீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். "சிவப்பு ஜீரோ வாட் பல்புக்குக் கீழே" என்றால் நிம்மதி, அந்தச் சிவப்பில் எல்லாச் சாயலும் ஒன்றுதான்; நிழலை மட்டும் ஒரு படி திறந்துவிட்டால் போதும்.

ஃப்ரேமுக்கு அனுப்பும்போது

இங்க் காய ஒரு நாள், மழைக்காலமென்றால் இரண்டு. அவசரப்பட்டுக் கண்ணாடிக்குள் அடைத்தால் உள்பக்கம் பனிபடிந்தமாதிரி மங்கும். படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. பளபளப்புப் பேப்பர் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு வந்துவிடும். மவுன்ட் அட்டையில் ஜன்னல் வெட்டி நடுவில் இடைவெளி விடச்சொல்லுங்கள். ஃப்ரேம் கடையில் முழுத்தாளுக்கும் பசை தடவி அட்டையில் ஒட்டுவது வழக்கம். வேண்டாம், மேல் ஓரத்தில் மட்டும் டேப் போடுங்கள் என்று பில்லிலேயே எழுதிக்கொடுத்துவிடுவேன். வாயால் சொன்னால் பையனிடம் போய்ச் சேராது.

பின்பக்க ஓரத்தில் பென்சிலால் பேப்பர் பெயர், மோடு, டோன், கர்வின் பெயர், தேதி எழுதுங்கள். தாத்தா படம் ஒரு வீட்டில் ஏறினால் சித்தப்பா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் அதே மாதிரி கேட்டு வருவார்கள், பொருத்திப் பார்க்க இந்த ஒரு வரி போதும். ரயிலில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகிறவர்கள் சுருட்டிக் குழாயில் போடாதீர்கள். கனமான மேட் பேப்பரில் மேல்பூச்சு வெடித்துக் கறுப்பில் வெள்ளைக் கீறல் விழும். இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில், மேலே ஒரு பட்டர் பேப்பர் வைத்து, தட்டையாகக் கட்டி மேல் பெர்த்தில் வையுங்கள்.